அகழியில்லா முறைகள்: பாதாளச் சாக்கடைக் குழாய்களைப் புதுப்பித்த வரலாறு

தெருவை நீளவாக்கில் தோண்டாமல், நிலத்தடியில் உள்ள பழைய கழிவுநீர்க் குழாயைப் புதுப்பிக்கவோ மாற்றவோ உதவும் தொழில்நுட்பங்கள் அகழியில்லா முறைகள் எனப்படுகின்றன. பழைய குழாய்க்குள் சிறிய குழாயைச் செருகுதல், பிசினில் ஊறிய துணிக்குழலை உள்ளே விரித்துக் கெட்டிப்படுத்துதல், பழைய குழாயை உடைத்துக்கொண்டே அதே இடத்தில் புதியதை இழுத்துப் பதித்தல் ஆகியவை இவற்றுள் முதன்மையானவை.

இம்முறைகளில் முக்கியமான இரண்டு 1970களில் பிரிட்டனில் தோன்றின. நவீன பாதாளச் சாக்கடையைப் பெருமளவில் கட்டிய முதல் நாடுகளுள் ஒன்று பிரிட்டன். ஆகவே அந்தச் சாக்கடை முதுமையடைவதையும் அதுவே முதலில் எதிர்கொண்டது. நூறாண்டுக்கு முன் கட்டும்போது மேலே குதிரை வண்டிகள் ஓடின. பழுதுபார்க்கும் காலம் வந்தபோது பேருந்துகளும் கடைகளும் மின்வடங்களும் எரிவாயுக் குழாய்களும் அந்த இடத்தை நிறைத்திருந்தன. இந்த நெருக்கடியில்தான் பழைய குழாயை அகற்றவேண்டிய குப்பையாகக் கருதாமல், புதிய குழாய்க்கான வழியாகவும் அச்சாகவும் பயன்படுத்தும் எண்ணம் பிறந்தது.

செங்கல் சாக்கடைகளின் காலம்

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் லண்டனின் கழிவுநீர் நேராகத் தேம்ஸ் ஆற்றில் கலந்தது. அதே ஆற்றிலிருந்து மக்கள் குடிநீரும் எடுத்தனர். காலரா பலமுறை நகரைத் தாக்கியது. 1854இல் பிராட் தெருவில் பரவிய காலராவை ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் ஒரு குடிநீர்க் குழாயோடு தொடர்புபடுத்திக் காட்டினார். ஆயினும் நோய் கெட்ட காற்றால் பரவுகிறது என்ற நம்பிக்கையே அப்போது வலுவாக இருந்தது. 1858ஆம் ஆண்டின் கடுங்கோடையில் ஆற்றிலிருந்து எழுந்த நாற்றம் கரையில் இருந்த நாடாளுமன்றத்தையே நிலைகுலைய வைத்தது. பெருநாற்றம் என்று வரலாற்றில் பெயர்பெற்ற அந்நிகழ்வுக்குப் பின் புதிய சாக்கடை அமைப்புக்கான சட்டம் விரைவாக நிறைவேறியது.

அந்த அமைப்பைத் திட்டமிட்டவர் பெருநகரப் பணி வாரியத்தின் தலைமைப் பொறியாளர் ஜோசப் பேசல்ஜெட். ஆற்றுக்கு இணையாகச் சுமார் 132 கிலோமீட்டர் நீளத்துக்குப் பெரிய செங்கல் சாக்கடைகள் கட்டப்பட்டன. நகரின் கழிவுநீரை ஆற்றில் விழும் முன்பே இடைமறித்து, கிழக்கே கொண்டுசெல்வது இவற்றின் வேலை. கிராஸ்னெஸ் இறைப்பு நிலையம் 1865இல் திறக்கப்பட்டது.

அக்காலச் சாக்கடைகளில் பல முட்டை வடிவில் கட்டப்பட்டவை. முட்டையின் கூர்முனை கீழே இருக்கும். நீர் குறைவாக ஓடும் நேரத்திலும் அந்தக் குறுகிய அடிப்பகுதியில் ஓட்டம் வேகமாக இருப்பதால் கசடு தங்காது. சிறிய தெருக்களில் சுட்ட களிமண் குழாய்கள் பதிக்கப்பட்டன. லாம்பெத் பகுதியில் ஹென்றி டவுல்டன் 1846 முதல் இத்தகைய மெருகேற்றிய குழாய்களைப் பெருமளவில் தயாரித்தார். அக்குழாய்த் துண்டுகள் குட்டையானவை. அதனால் ஒரு தெருவுக்குள்ளேயே நூற்றுக்கணக்கான இணைப்புகள் அமைந்தன. பிற்காலத்துத் தொல்லைகளில் பெரும்பங்கு இந்த இணைப்புகளிலிருந்தே தொடங்கியது.

கண்ணுக்குத் தெரியாத முதுமை

கழிவுநீர்க் குழாய் ஒரே நாளில் இடிவதில்லை. இணைப்பில் சிறு விரிசல் விழுகிறது. ஈரத்தைத் தேடி மரவேர் அதற்குள் நுழைகிறது. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் விரிசல் வழியாகக் குழாய்க்குள் புகும்போது சுற்றியுள்ள மணலையும் சேர்த்து இழுத்துவருகிறது. அந்த மணல் கழிவுநீரோடு போய்விட, குழாய்க்கு வெளியே வெற்றிடம் உருவாகிறது. சுற்றுமண்ணின் பிடிப்பு போனதும் குழாய் மேலும் நெகிழ்கிறது, வெற்றிடம் மேல்நோக்கி வளர்கிறது. தார்ச் சாலை அந்தப் பள்ளத்தின் மீது பாலம்போல நிற்கிறது. ஒருநாள் கனமான வண்டி ஒன்று வந்ததும் சாலை உள்ளே விழுகிறது.

சிமெண்ட் குழாய்களுக்கு வேறொரு நோய் உண்டு. தேங்கிய கழிவுநீரிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வாயு எழுகிறது. குழாயின் மேற்கூரையில் வாழும் நுண்ணுயிரிகள் அதைக் கந்தக அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் சிமெண்டைக் கரைக்கிறது. நீரில் மூழ்கிய அடிப்பகுதி நன்றாக இருக்க, மேற்கூரை மட்டும் மாவாக உதிர்வதன் காரணம் இதுவே. இதில் நுண்ணுயிரிகளின் பங்கை 1945இல் மெல்போர்னைச் சேர்ந்த சி. டி. பார்க்கர் விளக்கினார்.

1957 செப்டம்பரில் இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் உள்ள ஃபார்ன்வொர்த் நகரில், ஃபைல்ட் தெருவுக்கு அடியில் இருந்த சாக்கடை இடிந்தது. தெருவில் பெரும்பள்ளம் விழுந்தது. குடும்பங்கள் வீடுகளைவிட்டு வெளியேற்றப்பட்டன, வீடுகள் இடித்து அகற்றப்பட்டன. கழிவுநீர்க் குழாயின் முதுமை வீட்டுவாசல் வரை வரக்கூடியது என்பதை அந்நிகழ்வு காட்டியது.

ஆள் நுழைய முடியாத குழாய்களின் நிலையை அறிய நீண்ட காலம் வழியில்லை. சக்கரம் பூட்டிய தொலைக்காட்சிக் கேமராவைக் குழாய்க்குள் அனுப்பும் வழக்கம் வந்த பிறகே, விரிசலும் வேரும் விலகிய இணைப்பும் திரையில் தெரிந்தன. குழாய் முழுதும் இடிவதற்கு முன்பே பழுதைப் பார்க்க முடிந்தது. பின்னால் வந்த எல்லா அகழியில்லா முறைகளுக்கும் இந்தக் கேமராவே கண்ணாக அமைந்தது.

தோண்டுவதன் விலை

பழைய குழாயை மாற்ற அன்றிருந்த வழக்கமான வழி, தெருவைப் பிளந்து அகழி வெட்டுவதுதான். கழிவுநீர் சரிவில் தானாக ஓடவேண்டும் என்பதால் அதன் குழாய்கள் மற்ற எல்லாவற்றுக்கும் கீழே பல மீட்டர் ஆழத்தில் இருக்கும். அதை எட்டுவதற்குள் குடிநீர், எரிவாயு, மின்சாரம், தொலைபேசி ஆகிய இணைப்புகளையெல்லாம் தாண்டவேண்டும். மண் சரியாமல் இருக்க இருபுறமும் பலகையோ தகடோ அடித்து முட்டுக் கொடுக்கவேண்டும். ஊறும் நீரை இறைத்துக்கொண்டே இருக்கவேண்டும். அகழிச் சரிவு கட்டுமானத் தொழிலாளர்களைப் பலிகொள்ளும் விபத்துகளுள் ஒன்று.

ஒப்பந்தக் கணக்கில் வராத செலவுகளும் உண்டு. மாதக்கணக்கில் அடைபட்ட தெருவில் கடை வைத்திருப்பவரின் வருமான இழப்பு, சுற்றிப்போகும் வண்டிகளின் நேரம், அதிர்வால் பக்கத்துச் சுவரில் விழும் கீறல், மூடிய பின் அமிழும் சாலை என எதையும் நகராட்சியின் மதிப்பீட்டில் காணமுடியாது. அந்தத் தெருவாசிகளே அவற்றைச் சுமந்தனர். அகழியில்லா முறைகளுக்கு ஆதரவு பெருகியதற்கு இந்தக் கணக்கை வெளிப்படையாகப் பேசத் தொடங்கியதும் ஒரு காரணம்.

குழாய்க்குள் குழாய்

மிக எளிய தீர்வு, பழைய குழாய்க்குள் அதைவிடச் சிறிய குழாயை நுழைப்பது. இது செருகுகுழாய் முறை. இரும்பும் கற்காரையும் போல விறைப்பாக இராமல் வளைந்துகொடுக்கும் பாலிஎத்திலீன் குழாய்கள் பரவிய பின் இம்முறை எளிதாயிற்று. ஒரு முனையில் குழி தோண்டி, பற்றவைத்து நீளமாக்கிய குழாயை உள்ளே இழுப்பார்கள். இரண்டு குழாய்களுக்கும் இடையிலுள்ள வெளியைச் சிமெண்ட் கூழால் நிரப்புவார்கள்.

இதன் குறை, குழாய் சிறுத்துவிடுவது. 300 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாய்க்குள் 250 மில்லிமீட்டர் குழாயைச் செருகினால் குறுக்குப்பரப்பில் ஏறத்தாழ 30 விழுக்காடு போய்விடும். மக்கள்தொகை பெருகிய நகரில் இந்த இழப்பு சிறிதன்று. பழைய சுவரை ஒட்டியபடியே புதிய சுவரை எழுப்ப முடியுமா என்ற கேள்வி இங்கிருந்து எழுந்தது.

ஹாக்னி, 1971

அதற்கு விடை கண்டவர் எரிக் வுட் என்ற ஆங்கிலேயர். பாலியஸ்டர் கம்பளத்துணியால் ஒரு குழலைத் தைத்து, அதை வெப்பத்தில் இறுகும் பிசினில் ஊறவைத்து, பழைய குழாய்க்குள் விரித்து, சுவரோடு அழுத்திப் பிடித்தபடி கெட்டிப்படுத்துவது அவரது எண்ணம். புதிய குழாய் தொழிற்சாலையில் செய்யப்படுவதில்லை. நிலத்தடியிலேயே, பழைய குழாயை அச்சாகக் கொண்டு வார்க்கப்படுகிறது. உள்ள இடத்திலேயே உருவாக்கல் என்று பொருள்படும் லத்தீன் தொடரிலிருந்து இன்சிடுஃபார்ம் என்ற பெயரை அவர் இதற்குச் சூட்டினார்.

1971இல் கிழக்கு லண்டனின் ஹாக்னி பகுதியில் முதல் வேலை நடந்தது. சுமார் 1.2 மீட்டர் உயரமும் 0.6 மீட்டர் அகலமும் கொண்ட முட்டை வடிவச் செங்கல் சாக்கடையில் 70 மீட்டர் நீளத்துக்கு இந்த உறை பொருத்தப்பட்டது. விக்டோரியா காலத்துப் பொறியாளர்கள் விரும்பிய முட்டை வடிவத்துக்கு நேரான, விறைப்பான குழாய் பொருந்தாது. ஈரத்துணி எந்த வடிவத்துக்கும் இணங்கும். முதல் சோதனைக்களமாக அமைந்த அந்தச் சாக்கடையே இம்முறையின் வலிமையை எடுத்துக்காட்டியது.

தொடக்கத்தில் துணிக்குழல் உள்ளே இழுக்கப்பட்டு ஊதி விரிக்கப்பட்டது. பின்னர், காலுறையை உள்புறம் வெளியே வரும்படி புரட்டுவதுபோல, நீரின் அழுத்தத்தால் குழலைப் புரட்டியபடியே குழாய்க்குள் செலுத்தும் முறை வந்தது. இதில் துணி குழாய்ச் சுவரில் உராய்ந்து கிழிவதில்லை. பிசின் தோய்ந்த பக்கம் பழைய சுவரை நோக்கித் திரும்புகிறது, வழவழப்பான பூச்சுள்ள பக்கம் உள்ளே நிற்கிறது.

வேலை நடக்கும் வரிசை இன்றும் பெரிதும் மாறவில்லை. முதலில் கழிவுநீரை வேறு வழியாக இறைத்துத் திருப்புகிறார்கள். அழுத்தமான நீர்த்தாரையால் குழாயைக் கழுவி, கேமரா செலுத்திப் பார்க்கிறார்கள். பிசின் முன்கூட்டியே இறுகிவிடாமல் இருக்கக் குளிரூட்டிய வண்டியில் துணிக்குழல் வருகிறது. ஆள்நுழைவுக் குழி வழியாக அதைப் புரட்டிச் செலுத்தி, உள்ளே நிறைந்த நீரைச் சூடாக்கிச் சுழற்றுகிறார்கள். சில மணிநேரத்தில் பிசின் இறுகுகிறது. கடைசியாக, வீடுகளிலிருந்து வரும் கிளைக்குழாய்களின் வாய்கள் உறையால் மூடப்பட்டிருக்கும் அல்லவா? கேமராவோடு இணைந்த ஒரு வெட்டும் எந்திரம் உள்ளிருந்தே அவற்றை ஒவ்வொன்றாகத் திறக்கிறது.

300 மில்லிமீட்டர் குழாயில் 6 மில்லிமீட்டர் தடிப்புள்ள உறை போட்டால் குறுக்குப்பரப்பில் சுமார் 8 விழுக்காடுதான் குறையும். உட்புறம் வழவழப்பாகி, இணைப்புகளும் மறைவதால் அந்தக் குறை பெரும்பாலும் ஈடாகிவிடும். பின்னாளில் சுடுநீருக்குப் பதிலாக நீராவியும் புறஊதா ஒளியும் பயன்பாட்டுக்கு வந்தன.

துணியும் பிசினும் எத்தனை காலம் தாங்கும் என்ற ஐயம் பொறியாளர்களிடம் இருந்தது. ஹாக்னி உறையிலிருந்து 20 ஆண்டுகளுக்குப் பிறகு மாதிரிகள் எடுத்துச் சோதிக்கப்பட்டன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை டென்வர், கொலம்பஸ் நகரங்களில் 5 முதல் 25 ஆண்டுவரை பயன்பாட்டில் இருந்த உறைகளை வெளியே எடுத்து ஆராய்ந்து 2012இல் அறிக்கை வெளியிட்டது. அவை பொதுவாக நல்ல நிலையிலேயே இருந்தன.

உடைத்தபடி நுழைதல்

உறை போடும் முறை பழைய குழாயின் அளவைப் பெரிதாக்காது. வீடுகள் இரட்டித்த தெருவுக்கு அகன்ற குழாய் தேவை. அதற்கான வழி எரிவாயுத் துறையிலிருந்து வந்தது. 1970களின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் கேஸ் நிறுவனமும் டி. ஜே. ரயன் அண்ட் சன்ஸ் என்ற ஒப்பந்த நிறுவனமும் சேர்ந்து, 3, 4 அங்குல வார்ப்பிரும்பு எரிவாயுக் குழாய்களை மாற்ற ஒரு முறையை உருவாக்கின. கூம்பு வடிவ உலோகத் தலை ஒன்றைக் கம்பிவடத்தால் குழாய்க்குள் இழுப்பார்கள். காற்றழுத்தத்தால் இயங்கும் சம்மட்டி அதற்குள்ளிருந்து அடித்துக்கொண்டே இருக்கும். பழைய குழாய் துண்டுதுண்டாக உடைந்து சுற்றுமண்ணுக்குள் அமுங்கும். தலையின் பின்னால் கட்டியிருக்கும் பாலிஎத்திலீன் குழாய் காலியான இடத்தில் வந்து அமரும். பிரிட்டனில் 1981இல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. பின்னர் குடிநீர்க் குழாய்களுக்கும் கழிவுநீர்க் குழாய்களுக்கும் இம்முறை விரிந்தது.

அடிக்காமல் நீர்ம அழுத்தத்தால் விரித்து உடைக்கும் வகையும், பெரும் இழுவிசையால் மட்டுமே உடைக்கும் வகையும் பிறகு வந்தன. பழைய குழாயைவிடப் பெரிய குழாயைப் பதிக்க முடிவது இவற்றின் தனிச்சிறப்பு. களிமண், வார்ப்பிரும்பு போன்ற நொறுங்கும் பொருள்களுக்கு இது மிகப் பொருத்தம். எஃகுபோல நொறுங்காத குழாய்களைக் கத்தியால் நீளவாக்கில் பிளக்கவேண்டும். உடையும் குழாய் மண்ணைத் தள்ளுவதால், ஆழம் குறைந்த இடத்தில் சாலை மேலெழும்பலாம், அருகிலுள்ள வேறு குழாய் சேதமடையலாம். ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் பெரும்பாலும் தனியாகச் சிறுகுழி தோண்டவேண்டியும் வரும். ஆகவே அகழியில்லா முறை என்றால் துளியும் தோண்டாத முறை என்று பொருளில்லை. தெரு முழுதும் பிளக்கப்படுவதற்குப் பதிலாகச் சில குழிகளோடு வேலை முடிகிறது.

சுருளும் நுண்சுரங்கமும்

உறை போடவும் உடைக்கவும் கழிவுநீரை நிறுத்தவோ திருப்பவோ வேண்டும். பெரிய முதன்மைக் குழாய்களில் இது கடினம். ஆஸ்திரேலியாவிலும் ஜப்பானிலும் வளர்ந்த சுருள் முறை இதற்கு ஒரு தீர்வு. நீண்ட பிளாஸ்டிக் பட்டையை ஆள்நுழைவுக் குழி வழியாக இறக்கி, ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் விளிம்புகளோடு சுருளாகச் சுற்றி, பழைய குழாய்க்குள்ளேயே புதிய குழாயை உருவாக்குகிறார்கள். ஓரளவு கழிவுநீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே இந்த வேலையைச் செய்யமுடியும். டோக்கியோவின் கழிவுநீர்த் துறை இதன் வளர்ச்சியில் நேரடியாகப் பங்கேற்றது.

பழைய வழியே பயன்படாத இடங்களில் புதிய வழியைக் குடைந்தாகவேண்டும். குழாயைப் பின்னாலிருந்து ஜாக்கியால் தள்ளி மண்ணுக்குள் செலுத்தும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அமெரிக்காவில் ரயில் தண்டவாளங்களுக்கு அடியில் கையாளப்பட்டது. அதன் முன்முனையில், ஆள் இல்லாமல் மேலிருந்து இயக்கும் சிறிய குடையும் எந்திரத்தைப் பொருத்தும் நுண்சுரங்க முறை 1970களில் ஜப்பானில் உருவானது. ஆள் நுழைய முடியாத அளவு குறுகிய சுரங்கத்தையும் துல்லியமான சரிவோடு குடைய அது வழிசெய்தது.

பரவிய விதம்

1985இல் லண்டனில் அகழியில்லா முறைகளுக்கான முதல் பன்னாட்டு மாநாடு நடந்தது. அடுத்த ஆண்டு பன்னாட்டு அகழியில்லாத் தொழில்நுட்பச் சங்கம் அமைந்தது. ஆங்காங்கே தனித்தனி நிறுவனங்களின் உத்திகளாக இருந்தவை ஒரு துறையாக உருப்பெற்றன.

காப்புரிமைகளும் இந்த வரலாற்றைத் தீர்மானித்தன. எரிக் வுட்டின் அமெரிக்கக் காப்புரிமை 1977 பிப்ரவரியில் வழங்கப்பட்டு 1994இல் முடிவடைந்தது. குழாய் உடைப்பு முறையின் அமெரிக்கக் காப்புரிமை 2005இல் முடிந்தது. அவை நடப்பில் இருந்தவரை உரிமம் பெற்றவர்களே வேலைசெய்ய முடிந்தது. முடிந்த பிறகு போட்டியாளர்கள் பெருகினர், பல நாடுகளின் நகராட்சிகளுக்கும் இது எட்டும் முறையாயிற்று.

இந்தியாவில் கொல்கத்தா இதற்கு ஒரு சான்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வில்லியம் கிளார்க் என்ற பொறியாளரின் திட்டப்படி அங்கே செங்கல் சாக்கடைகள் கட்டப்பட்டன. லண்டனைப் போலவே அவையும் நூற்றாண்டைக் கடந்தும் பயன்பாட்டில் இருந்தன. ஜவாகர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டத்தின் கீழ், அவற்றில் ஆள் நுழையக்கூடிய பெரிய சாக்கடைகளிலிருந்து பல்லாண்டுக் கசடு அகற்றப்பட்டு, கண்ணாடி இழை சேர்த்த பிளாஸ்டிக் உறைகள் உள்ளே பொருத்தப்பட்டன.

குறைகளும் எல்லைகளும்

பழைய குழாயின் பாதையை அப்படியே ஏற்பதால் அதன் பிழைகளும் புதிய குழாய்க்கு வந்துசேர்கின்றன. சரிவு தவறாக இருந்தால் உறை போட்டாலும் சரிவு தவறாகவே இருக்கும். குழாயின் ஒரு பகுதி அமிழ்ந்து நீர் தேங்கினால், உறைக்குள்ளும் நீர் தேங்கும். முழுதும் இடிந்துவிட்ட குழாய்க்குள் உறையைச் செலுத்தவே முடியாது. அதாவது இம்முறைகள் சரியான நேரத்தில் செய்தால் மட்டுமே பயன்தருபவை. நேரம் தவறினால் மீண்டும் அகழிதான்.

சுற்றுச்சூழல் கேள்வியும் உண்டு. பாலியஸ்டர் பிசினில் ஸ்டைரீன் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. கெட்டிப்படுத்தும்போது அதன் நாற்றம் வீட்டுக் கழிவறைகள் வரை வருவதுண்டு. நீராவியால் கெட்டிப்படுத்தும் இடங்களில் வெளியேறும் புகையை ஆராய்ந்த அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகக் குழு, அது வெறும் நீராவி அன்று, ஸ்டைரீன் உள்ளிட்ட பல வேதிப்பொருள்களின் கலவை என்று 2017இல் தெரிவித்தது. தொழிலாளர்களுக்கும் அருகில் வசிப்பவர்களுக்கும் பாதுகாப்பு வேண்டும் என்ற கோரிக்கை அதன்பின் வலுத்தது.

யாஷியோ, 2025

2025 ஜனவரி 28 அன்று ஜப்பானின் சைத்தாமா மாகாணத்தில் உள்ள யாஷியோ நகரில், ஒரு சாலைச் சந்திப்பு திடீரென உள்வாங்கியது. அவ்வழியே வந்த சரக்கு வண்டி ஓட்டுநரோடு பள்ளத்தில் விழுந்தது. சாலைக்கு அடியில் சுமார் 10 மீட்டர் ஆழத்தில் 4.75 மீட்டர் விட்டமுள்ள முதன்மைக் கழிவுநீர்க் குழாய் சென்றது. 1983இல் பயன்பாட்டுக்கு வந்த அந்தக் குழாயின் சேதமே பள்ளத்துக்குக் காரணமாகக் கருதப்பட்டது. பள்ளம் விரிந்துகொண்டே போனது. கழிவுநீர் வந்துகொண்டே இருந்ததால் மீட்புப்பணி தடைபட்டது. சுமார் 12 லட்சம் மக்கள் குளிப்பதையும் துணி துவைப்பதையும் குறைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்ளப்பட்டனர். 74 வயதான அந்த ஓட்டுநர் உயிரோடு மீட்கப்படவில்லை. மே மாதத்தில்தான் அவரது உடல் எடுக்கப்பட்டது.

சுருள் முறையையும் நுண்சுரங்கத்தையும் வளர்த்த நாட்டில் இது நடந்தது. குறை தொழில்நுட்பத்தில் மட்டும் இல்லை. நாள் முழுதும் நிரம்பி ஓடும் பெரிய குழாய்க்கு மாற்றுவழி வேண்டும், ஆய்வு வேண்டும், ஆண்டுதோறும் பணம் ஒதுக்கவேண்டும். கண்ணில் படாத ஒன்றுக்கு நகரங்கள் இவற்றைத் தள்ளிப்போடவே செய்கின்றன. புதிய பாலத்தைத் திறந்துவைக்க விழா எடுக்கலாம், சாக்கடைக்குள் போட்ட உறையை யாரும் பார்க்கப்போவதில்லை.

பேசல்ஜெட்டின் சாக்கடைகளைக் கட்ட லண்டனுக்குப் பெருநாற்றம் தேவைப்பட்டது. அகழியில்லா முறைகள் வந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. தெருவைப் பிளக்காமல் குழாயைப் புதுப்பிக்க இன்று வழிகள் பல உள்ளன. அவை எல்லாமே, பழைய குழாய் இடியாமல் நிற்கும்போதே வேலையைத் தொடங்கவேண்டும் என்ற ஒரே நிபந்தனையில் நிற்கின்றன.